ஆமா, ஆமா

எங்கள் கம்பெனி கேட்டில் இரவுக் காவலுக்கு இருக்கும் தம்பி நேபாளத்துக்காரர். திருப்பூர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது, கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருப்பார். முழுக்க எனக்குப் புரியாத மொழி. நடுநடுவே ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழும்: "ஆமா... ஆமா..."

பரவாயில்லையே, தன் ஊர்ப் பேச்சுக்கு நடுவிலேயே தமிழ் வந்து விழுகிற அளவுக்குப் பழகிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். கட்டிங் மாஸ்டரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். "திருப்பூர்த் தண்ணி குடிச்சா எல்லாம் தானா வந்துருமுங்க" என்றார் அவர்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. வண்டியை எடுக்க முடியாமல் காவல் கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். தம்பி அப்போதுதான் பேசி முடித்துப் போனை வைத்தார்.

"போன்ல யாரு தம்பி?"

"ஆமா."

"யாருன்னு கேட்டேன்."

"ஆமா அக்கா. ஆமா."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகிவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் கை வைத்து, "மேரா ஆமா. மம்மி" என்றார்.

நேபாளியில் ஆமா என்றால் அம்மா. அத்தனை நாளாக அந்தப் பிள்ளை எதற்கும் ஆமாம் போடவில்லை. வரிக்கு வரி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நானானால் அதைத் தமிழ்க் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

மழை விடுவதாக இல்லை, அதனால் பேச்சு நீண்டது. வீட்டுக்கு வேறென்ன சொல்வாய் என்று கேட்டேன். "ம திருப்பூர்மா ச்சு" என்று சொல்லிக் காட்டினார். இதிலும் மா வருகிறதே, அம்மாவைத்தான் கொஞ்சலாகக் கூப்பிடுகிறாரோ என்று கேட்டால், அதுவும் இல்லையாம். முதலில் வரும் குட்டையான 'ம' என்றால் 'நான்'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'மா' என்றால் நம் 'இல்'. "நான் திருப்பூரில் இருக்கிறேன்" என்பதுதான் வாக்கியம். மூன்றே சொல், அதில் இரண்டு இடத்தில் என் காது ஏமாந்தது.

அன்றிலிருந்து இந்த மா என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில், ஆபீஸில், பைப்பில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், யார் வாயில் மா வந்தாலும் அது எந்த மா என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

நம் மாவே ஒன்றல்ல. ஒரே எழுத்து தனியாக நின்று பொருள் தரும் சொற்களை ஓரெழுத்தொருமொழி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நன்னூல் அதற்கு 42 என்று கணக்குச் சொல்கிறது. அந்த 42இல் மகர வரிசைக்கு மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சனகாபுரத்துக்காரர் என்று பாயிரம் சொல்லும். அந்தச் சனகாபுரம் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் உரிமை கொண்டாடுவார்கள். என் அம்மா ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் நானும் அந்தக் கட்சிதான். மற்ற ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றித் திரி போட்டால் மாவிளக்கு. வாசலில் கட்டியிருப்பது மாவிலை. மாவிளக்கு, மாவிலை, இரண்டும் வேகமாகச் சொன்னால் அக்கா தங்கை மாதிரி ஒலிக்கும். ஆனால் முதல் மா அரைத்த மா, இரண்டாவது மா காய்க்கும் மா. மாவிளக்கின் 'வி' விளக்கினுடையது. மாவிலையின் 'வ்' மாவுக்கும் இலைக்கும் நடுவே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மாரியம்மனின் மாரிக்கோ இந்த இரண்டோடும் சம்பந்தமே இல்லை, அது மழை என்பார்கள்.

இந்த இரண்டு மாவையும் தமிழ் ஒட்டுகிற இடத்தில் பிரித்து வைத்திருக்கிறது என்பதை நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். மரத்தின் மாவுக்குப் பின்னால் காய் வந்தால் மாங்காய், பழம் வந்தால் மாம்பழம், தோப்பு வந்தால் மாந்தோப்பு. மூக்கொலி வந்து சேரும். அரைத்த மாவுக்குப் பின்னால் கோலம் வந்தால் மாக்கோலம். அங்கே மூக்குக்கு வேலையில்லை, க் என்று அடித்துக்கொண்டு நிற்கும். மாங்கோலம் என்று யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? இலக்கணமே படிக்காத என் அம்மாயி, கூடை நிறைய மாங்காய் வைத்துக்கொண்டு மாக்கோலம் போட்டவள், ஒரு நாளும் இடம் மாற்றிச் சொன்னதில்லை.

பாலக்காட்டுப் பக்கம் போனால் இந்தச் சிக்கல் இன்னும் வேடிக்கை. மலையாளத்தில் மாமரமும் மாவு, அரைத்த மாவும் மாவு. பொள்ளாச்சியைத் தாண்டினால் ஒரே சொல்லில் மரமும் இட்லியும் அடங்கிவிடும். மாவு அரைப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

பழைய தமிழில் மா என்றால் விலங்கு, அதிலும் முக்கியமாகக் குதிரை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயிலுக்குப் போனால் குதிரைச் சந்தை நடக்கும். சங்கத்துப் புலவர் ஒருவர் அங்கே வந்து நின்றால் "எத்தனை மா!" என்றுதான் வியந்திருப்பார், பக்கத்தில் நிற்பவர் மாம்பழ வண்டியைத் தேடியிருப்பார். "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்கிறது தொல்காப்பியம். விலங்குக்கும் விலங்கு போன்ற மனிதருக்கும் ஐந்தறிவுதான் என்று அர்த்தம். மக்களுக்கும் மாக்களுக்கும் நடுவே இருப்பது ஒரு கால் மட்டும்தான். பேருந்து நிலையத்தில் கூட்டத்தைப் பார்க்கும்போது அந்தக் காலைப் போடலாமா வேண்டாமா என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

குறளில் வரும் கவரிமாவை மான் ஆக்கிவிட்டோம். மயிர் நீப்பின் வாழாதது கவரிமா. மா என்றால் விலங்கு என்பது மறந்துபோய், ஒரு ன் குறைகிறது போல என்று நாமே சேர்த்துக் கவரிமான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். கவரி என்பது இமயத்துச் சடை எருமை. அப்புறம் கைம்மா என்று ஒரு சொல் உண்டு, கை உடைய விலங்கு, யானை. எங்கள் தெரு முனைக் கறிக்கடையில் "கைமா கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ம் குறைந்ததால் யானை பிழைத்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கணக்கு மா. அதில்தான் நான் சரியாக மூக்குடைபட்டேன்.

கோவையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி தஞ்சாவூர்க்காரி. முதல் வாரம், வீடு, நிலம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, "எங்களுக்கு ஒண்ணும் பெரிசா இல்ல, ஆறு மா இருக்கு" என்றாள். நான் மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "என்ன ரகமுங்க? மல்கோவாவா? காய்ப்பு நல்லா இருக்குதா?" என்றேன். சேலத்தில் எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தோப்பு உண்டு, எனக்குத் தெரிந்த மா அதுதான். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் பக்கத்தில் மா என்பது நில அளவு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்று மா. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர் நஞ்சை, ஆறு மரம் இல்லை. எங்கள் ஊரில் ஏக்கரும் செண்டும்தான், பெரியவர்கள் பேச்சில் வள்ளக் கணக்கு வரும். மாவில் நிலம் அளந்து நான் கேட்டதே இல்லை.

விடுமுறைக்கு வந்து அப்பாருவிடம், என் அப்பாவைப் பெற்றவரிடம், சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர், தடவின விரலை அப்படியே தூக்கி, "மான்னா இருவதுல ஒண்ணு கண்ணு. வேலியில இருவதுல ஒண்ணு, அதனால மா" என்றார். பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அரைமா நாற்பதில் ஒன்று. இருமா பத்தில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அது பதினாறில் ஒன்று. நான் கல்லூரியில் கணிதம் படிக்கிறவள் என்பதால் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இருபதில் ஒன்று என்பது எண்பதில் நாலு, அதோடு எண்பதில் ஒன்று, ஆக எண்பதில் ஐந்து, பதினாறில் ஒன்று. சரியாக வந்தது. "ரூவாய்க்குப் பதினாறணா. மாகாணி ரூவா ஓரணா. கணக்கு முடிஞ்சுது பாரு" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். 1957இல் நயா பைசா வந்து ரூபாயை நூறாக உடைத்த பிறகு அந்த வாய்ப்பாட்டுக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போனது. அவர் மட்டும் கடைசிவரை சரக்குக் கணக்கை அதில்தான் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தார், வாய் அசைவதைப் பார்த்தால் தெரியும்.

இன்னொரு மா இருக்கிறது, அது மாவே இல்லை. "மழை வருமா?" என்று கேட்கிறோமே, அந்த மா. காதுக்கு ஒரு சொல் போல இருக்கிறது. உண்மையில் வரும் என்பதன் ம் கேள்வி ஆவோடு ஒட்டிக்கொண்டதுதான். இதைப் புத்தகம் பார்க்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு, எங்கள் ஊர்க்காரரிடம் கேட்க வைத்தால் போதும். "மழை வருமுங்களா?" என்பார். மரியாதையைக் கொண்டுபோய் ம்முக்கும் ஆவுக்கும் நடுவில் செருகிவிடுவார். ஒட்டுத் தெரியாமல் தைத்த துணியை உள்பக்கம் திருப்பிக் காட்டின மாதிரி தையல் தெரிந்துவிடும். ஆமாம் என்பதும் அப்படித்தான், ஆம் ஆம் என்று இரண்டு தடவை சொன்னது ஒன்றாகிப் போனது. அதனால்தான் எங்கள் பெரியவர்கள் ஒற்றை ஆமோடு நிறுத்தி "ஆமுங்க" என்று சொல்ல முடிகிறது.

கொங்குக் காதுக்கு இந்த ங்க இல்லாமல் வருகிற மா கொஞ்சம் மொட்டையாகப் படும். சென்னையிலிருந்து பையிங் ஆபீஸ் பையன் போன் பண்ணி, எடுத்ததும் "சொல்லுமா" என்பான். என் வயதில் பாதிதான் இருக்கும். அவன் பாசமாகத்தான் சொல்கிறான் என்பது புத்திக்குத் தெரியும், ஆனாலும் உள்ளே ஒன்று சுருக்கென்னும். எங்கள் செக்கிங் அக்காமார் "ஏனுங் அம்மிணி" என்று கூப்பிட்டால் வராத சுருக்கு அது.

பின்னல் மெஷின் மாட்டுவதற்குச் சீனாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். பத்து நாள் இருந்தார். அவர் தினமும் காலையில் சொல்லும் "நி ஹாவ் மா"வில் மா இருப்பதைக் கேட்டதும் நான் சும்மா இருப்பேனா? டீ நேரத்தில், மொபைலில் மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் செயலியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பாடம் நடத்தினார். கையை மேலே ஒரே மட்டமாக இழுத்து ஒரு மா, அது அம்மா. கீழிருந்து மேலே ஏற்றி ஒரு மா, சணல் மாதிரியான நார். இறக்கி ஏற்றி ஒரு மா, அதற்குக் கடிவாளம் பிடிப்பது போல நடித்தார், குதிரை. மேலிருந்து வெட்டினாற்போல ஒரு மா, சூப்பர்வைசர் பக்கம் விரலை நீட்டி முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டார், திட்டுவது. எந்த ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் லேசாக விட்டால் அது கேள்வி, நம் ஆ, ஓ போல. "நி ஹாவ் மா" என்றால் நல்லா இருக்கீங்களா.

நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அம்மா என்று நினைத்து நான் சொன்னதெல்லாம் அவருக்குத் திட்டாகத்தான் விழுந்ததாம்.

இதில் இரண்டு இடம் என்னை உலுக்கியது. சீனத்திலும் குதிரை மா, பழந்தமிழிலும் குதிரை மா. சீனத்திலும் வாக்கியக் கடைசி மா கேள்வி, "வருமா" என்பதிலும் கேள்வி. இதை வாய்தவறி எங்கள் மாமா ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சீனர்கள் தமிழிலிருந்துதான் குதிரையை எடுத்தார்கள் என்று போட்டுவிட்டார். நாற்பது கைதட்டல்.

எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கதை நிற்கவில்லை. சீனக் குதிரைச் சொல்லின் பழைய உருவம் நடுவில் ஒரு ரகரத்தோடு 'ம்ரா' போல இருந்திருக்கும் என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். மங்கோலியத்தில் குதிரை 'மோர்'. பின்னோக்கிப் போகப் போக நம் மாவை விட்டு அது விலகித்தான் போகிறது. கேள்வி மாவின் கதையை மேலேயே பார்த்தோம், நம்முடையது ம் தனி, ஆ தனி. உறவு என்றால் அது வரிசையாக நிற்க வேண்டும். தமிழ் மா, கன்னட மாவு, மலையாள மாவு, தெலுங்கு மாமிடி என்று மரம் நான்கு வீட்டிலும் இருக்கிறது, அதுபோலவே நூற்றுக்கணக்கான சொற்களும் அதே ஒழுங்கில் இருக்கின்றன. அதனால்தான் ஒரே குடும்பம் என்கிறோம். உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடுகிற ஒரு ஒலி இரண்டு மொழியில் ஒத்துப்போவதற்கு உறவு எதற்கு? உலகத்து மொழிகளில் பெரும்பாலானவற்றில் ம் உண்டு, ஆ போன்ற ஒரு உயிரும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஏதோ ஒரு பொருளுக்கு வைத்திருப்பார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியும் இருக்கலாம்" என்றார். பதிவை மட்டும் எடுக்கவில்லை.

உண்மையாகவே தமிழிலிருந்து போன மா ஒன்று இருக்கிறது. அது எங்கள் சாம்பிள் பிரிவுக்கே வந்து வேலை காட்டியது.

ஒரு போர்ச்சுகீசிய ஆர்டர். டிசைன் தாளில் பாதி ஆங்கிலம், பாதி அவர்கள் மொழி. ஒரு பீஸுக்கு நேராக 'மாங்கா குர்தா' என்று படிக்கிற மாதிரி எழுதியிருந்தது. சாம்பிள் டெய்லர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், டி-ஷர்ட் ஆர்டர்தானே? குர்தான்னு போட்டிருக்குதுங்க. மாங்கா டிசைன் பார்டருக்கு பிரிண்ட் யார்கிட்டக் குடுக்கறதுங்க?" என்றார். பட்டுச்சேலையில் மாங்கா பார்டர் பார்த்து வளர்ந்தவர், அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் ஒரு நிமிடம் தலை சுற்றியது. மாங்கா என்றால் அவர்கள் மொழியில் சட்டையின் கை. குர்தா என்று நாங்கள் படித்தது குட்டை என்பதற்கான சொல். அரைக்கை டி-ஷர்ட், அவ்வளவுதான். நல்லவேளை, ஸ்கிரீன் போடும் முன்பே கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால் போர்ச்சுகீசியத்தில் அதே மாங்கா மாம்பழமும்தான். இரண்டும் வேறு வேறு வழியில் வந்து ஒரே வீட்டில் தங்கியவை. சட்டைக்கை லத்தீனிலிருந்து வந்தது, அங்கே கைக்கு 'மனுஸ்', அதை மூடுவது 'மனிகா'. பழமோ நம் கடற்கரையிலிருந்து கப்பலேறியது. தமிழ் மாங்காய், மலையாள மாங்ங, மலாய் மங்கா என்ற இந்தச் சொல்லைத்தான் போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போய் மேங்கோ ஆனது. மாவோடு காய் ஒட்டும்போது நடுவில் வந்து உட்கார்ந்த அந்த மூக்கொலி, அந்த ங், இன்று ஐரோப்பா முழுக்க ஜூஸ் பாட்டிலில் இருக்கிறது. மாக்காய் என்று நாம் ஒட்டியிருந்தால் அவர்கள் பாடு வேறு.

எங்கள் தளத்தில் மாவுக்குப் பஞ்சமில்லை. துபாயில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர் இருக்கிறார். நூல் கேட்டால் கையை விரித்து "மாஃபி" என்பார். வளைகுடாப் பேச்சரபியில் இல்லை என்பதற்கு அதுதான், அங்கே மா என்றால் இன்மை. எழுத்தரபியில் என்ன என்று கேட்பதற்கும் மா, கடைசியில் தொண்டையில் ஒரு வெட்டுக் கொடுத்தால் தண்ணீர். பக்கத்து மெஷினில் பீகார்ப் பையன். இந்தியில் மாஃபி என்றால் மன்னிப்பு. அண்ணன் நூல் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் பையன், வயதில் மூத்தவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாரே என்று கூசிப்போய் "கோயி பாத் நஹி", பரவாயில்லை, என்று எழுந்து நிற்பான். இது ஒரு மாதம் நடந்தது. யாரும் திருத்தவில்லை, பார்க்க நன்றாக இருந்தது.

கம்பெனி விடுதியில் ஒடிசாப் பெண்களும் வங்காளப் பெண்களும் ஒரே அறை. இரண்டு மொழியிலும் அம்மா மா. ஆனால் ஒடியா வீடுகளில் அம்மாவை 'பொவ்' என்றும் கூப்பிடுவார்கள். வங்காளத்தில் பொவ் என்றால் மனைவி, மருமகள். ஒருத்தி போனில் பொவ் என்று அழுதால் இன்னொருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம்.

அம்மாவுக்கு மட்டும் ஏன் இத்தனை மொழியில் மகரம்? ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பால் குடிக்கும்போது குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும், முனகினால் மூக்கு வழியாகத்தான் வரும், ம்ம் என்று. பிறகு பசிக்கும்போதும் வேண்டும் என்னும்போதும் அதே முனகல். அதைப் பெரியவர்கள் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது குழந்தை ஏதோ முனக, அம்மா அதை ஒரு சொல் என்று நினைத்துக்கொண்டாள். நான் வாட்ச்மேன் தம்பியிடம் செய்த அதே வேலை. இந்த விளக்கத்தை நம்பி எங்கும் போய்விடவும் முடியாது. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, அம்மாவுக்கு தேதா. எங்கள் மாமாவை அங்கே கொண்டுபோய் விட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பன் ஆகிவிடுவார். எங்கள் வீட்டிலேயே அப்பாவைப் பெற்றவள் ஆத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாயி, அவள் வீட்டுக்காரர் அப்புச்சி. பெண் வழியில் போனாலும் தாத்தாவிடம் மகரத்தைக் காணோம்.

இன்னும் அடுக்கலாம். இத்தாலியத்தில் மா என்றால் ஆனால். எங்களுக்கு வரும் இத்தாலியக்காரர் சாம்பிளைத் தடவிப் பார்த்துவிட்டு "பெல்லோ, மா..." என்று இழுத்தால், அந்த மாவில் எங்கள் ஒரு வார வேலை கூடியது என்று அர்த்தம். பிரெஞ்சில் 'என்', அதுவும் பெண்பால் சொல்லுக்கு முன்னால் மட்டும். போலந்தில் 'வைத்திருக்கிறார்', ஹங்கேரியில் 'இன்று', பாரசீகத்தில் 'நாங்கள்'. சமஸ்கிருதத்தில் மா என்றால் வேண்டாம், செய்யாதே. திருமகளுக்கும் மா என்று பெயர் உண்டு, மாதவன் அங்கிருந்துதான் என்பார்கள். எங்களுக்குத் தொழில் போட்டியான வியட்நாமில் சும்மா மா என்றால் பேய். தொனியை மாற்றினால் அம்மா, கல்லறை, குதிரை. கீழே அமுக்கிச் சொன்னால் நாற்று. எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தலைமுறை தலைமுறையாகக் கோவைக்காரர்கள்தான். அவர்கள் "மா இல்லு" என்றால் எங்கள் வீடு, கேட்கிற உங்களைச் சேர்க்காத எங்கள். சேர்த்துச் சொல்ல 'மன' என்று வேறு சொல் இருக்கிறது. முப்பது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அந்த வீட்டுப் பாட்டி எனக்குப் பரிமாறும்போது மன இல்லு என்பார். கதவைச் சாத்திக்கொண்டு வரிக் கணக்குப் பேசும்போது மா இல்லு.

தசைன் பண்டிகைக்குத் தம்பி ஊருக்குப் போவதாக இருந்தார். லீவு கிடைக்கவில்லை. நிர்வாகத்தில் பேசிப் பார்த்தேன், ஏற்றுமதி நெருக்கடி, ஆள் இல்லை என்றார்கள். பண்டிகை அன்று எட்டரை மணிக்கு வெளியே வந்தால், நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, போனை என் பக்கம் திருப்பிவிட்டார். திரையில் ஒரு அம்மா, நெற்றி நிறையச் சிவப்பு அரிசி ஒட்டியிருந்தது. பின்னால் அடுப்பு வெளிச்சம். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

அவர்கள் ஏதோ கேட்டார்கள். "கானா..." என்று தொடங்கியது புரிந்தது. சாப்பிட்டாயா என்றுதான் இருக்க வேண்டும். தாய்மார் வேறென்ன கேட்கப் போகிறார்கள்?

"ஆமா" என்றேன், பழக்கத்தில்.

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஒரு கணம் அப்படியே நின்றார்கள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, திரைக்குள் இன்னும் இரண்டு மூன்று தலை எட்டிப் பார்த்தது. நான் தம்பியைப் பார்த்தேன். ஆமாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும். அவர் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, ஆமா கேக்குது. நீ எப்போ வரும், எங்க வீட்டுமா?"